வண்டி ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது? தொடக்க நிலை ரிமோட் டிரக்குகளின் ஸ்டீயரிங் கோளாறும் அதற்கான விளக்கங்களும்

ரிமோட் டிரக் ஓட்டத் தொடங்குபவர்கள் சொல்லும் ஸ்டீயரிங் புகார்களைப் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடக்கிவிடலாம். ஸ்டீயரிங்கைத் தொடாமலே வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. திருப்பினால் பாதிதான் திரும்புகிறது. திருப்பிவிட்டால் சக்கரம் மறுபடி நேருக்கு வருவதில்லை. சும்மா நிற்கும்போதே முன்சக்கரங்கள் நடுங்குகின்றன. புகார்கள் நான்குதான் என்றாலும் காரணங்களின் பட்டியல் நீளமானது. சக்கரத்தைத் திருப்பும் சர்வோவுக்கு வலு போதாது என்பார் ஒருவர். சக்கரத்தை இழுத்துத் தள்ளும் கம்பியான டை ராட் அளவு சரியில்லை என்பார் இன்னொருவர். பேட்டரி, ரிசீவர், டயர், கடைசியில் ஓட்டுபவரின் கை என்று சந்தேகம் ஒவ்வொன்றாக நகரும்.

இந்த விளக்கங்கள் எந்த வகை வண்டிகளிலிருந்து பிறந்தன, எதை நன்றாக விளக்குகின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. பேசப்படுபவை பெரும்பாலும் 1:10 அளவில், பேட்டரியில் ஓடும், உதிரிபாகங்கள் தனித்தனியே கிடைக்கும் டிரக்குகள். பொம்மைக் கடையில் விற்கும் மலிவு வண்டிகள் வேறுபடும் இடங்களில் அவை தனியே குறிக்கப்படுகின்றன.

கேள்வியின் வயது

தூரத்தில் நின்றபடி ஒரு வாகனத்தைத் திருப்புவது எப்படி என்ற கேள்வி இந்த வண்டிகளைவிட மூத்தது. 1898-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நிக்கோலா டெஸ்லா, கம்பியில்லாமல் கட்டுப்படும் சிறு படகு ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8 அன்று அவருக்குக் கிடைத்த 613,809 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை, கலங்களோடு வாகனங்களையும் சேர்த்தே தலைப்பில் குறிப்பிடுகிறது. அந்தப் படகில் வானொலி அலை கட்டளையை மட்டும் கொண்டுவந்தது. சுக்கானைத் திருப்பும் வலு படகுக்குள் இருந்த மின்கலத்திலிருந்து வந்தது. கட்டளைக்கு ஒரு வழி, வலுவுக்கு வேறு வழி என்ற இந்த ஏற்பாடு இன்றும் அப்படியே இருக்கிறது. ஸ்டீயரிங் கோளாறு பற்றிய சர்ச்சைகளில் பாதி, பழுது இந்த இரண்டில் எந்த வழியில் இருக்கிறது என்பதைப் பற்றியதே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மாதிரி வாகனங்களில் ரப்பர் பட்டையின் முறுக்கால் இயங்கும் எளிய பொறிகள் பயன்பட்டன. முழு இடம், முழு வலம், நேர் என்ற மூன்று நிலைகளே அவற்றுக்குத் தெரியும். கொஞ்சமாகத் திருப்ப வழியில்லை. 1960களில் பரவிய விகிதக் கட்டுப்பாடு இதை மாற்றியது. ஓட்டுபவர் எவ்வளவு திருப்புகிறாரோ அவ்வளவு திரும்பும் சர்வோ வந்தது. அதனுள் ஒரு சிறு மோட்டாரும் பல்சக்கரங்களும், தண்டு இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் பொட்டென்ஷியோமீட்டரும், வந்த கட்டளையையும் அந்தக் கோணத்தையும் ஒப்பிடும் சுற்றும் உண்டு. வழக்கமான அனலாக் சர்வோவுக்கு 20 மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு வருகிறது. துடிப்பின் நீளம் 1.5 மில்லி விநாடி என்றால் நடு. ஒன்றை நெருங்கினால் ஒரு பக்கம், இரண்டை நெருங்கினால் மறுபக்கம்.

மலிவுப் பொம்மைகள் பலவற்றில் இன்றும் பழைய மூன்று நிலை முறையே தொடர்கிறது. சிறு மோட்டார் சக்கரங்களை ஒரு பக்கம் தள்ளும். விட்டால் ஸ்பிரிங் நடுவுக்கு இழுக்கும். வண்டியின் அடிப்பகுதியில் முன்சக்கரங்களுக்கு அருகே இருக்கும் சிறு நெம்புகோல் அந்த ஸ்பிரிங்கின் நடுநிலையைத் திருத்தத்தான். அத்தகைய வண்டியில் 'கொஞ்சம் திருப்பினாலும் முழுசாகத் திரும்புகிறது' என்பது பழுதல்ல, அமைப்பு.

டாமியா நிறுவனம் 1976-ல் போர்ஷே 934 மாதிரியோடு ரிமோட் கார்களுக்குள் வந்தது. 1979-ல் ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் ஆகிய வண்டிகள் மணலில் இறங்கின. 1987-ல் பெருஞ்சக்கர கிளாட் பஸ்டர் வந்தது. டிராக்சஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ் 2008-ல் வந்து, தொடக்கநிலை ஓட்டுநர்கள் பலருக்கு முதல் வண்டியாயிற்று. வழவழப்பான தரையில் தெரியாத குறை மணலில் தெரிந்தது. சிறு சக்கரத்தில் தெரியாதது பெருஞ்சக்கரத்தில் தெரிந்தது. விளக்கங்கள் மாறியதற்கு வண்டிகளும் தரையும் மாறியது ஒரு முக்கியக் காரணம்.

முதல் தரப்பு: கோணங்களில் குறை

மிகப் பழைய விளக்கம் குதிரை வண்டிக் காலத்தது. வளைவில் உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுகின்றன. எனவே இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஒன்று தரையில் தேயும். இங்கிலாந்தின் எராஸ்மஸ் டார்வின் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு தீர்வை யோசித்திருந்தார். மியூனிக்கின் வண்டித் தயாரிப்பாளர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் உருவாக்கிய அமைப்புக்கு, அவருடைய முகவராக லண்டனிலிருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-ல் காப்புரிமை பெற்றார். கண்டுபிடித்தவரை விட்டு முகவரின் பெயரே அமைப்புக்கு நிலைத்தது.

டிரக்கில் இந்த வேறுபாடு எவ்வளவு? ஸ்லாஷின் முன்பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் சுமார் 335 மில்லிமீட்டர். முன்சக்கரங்கள் திரும்பும் அச்சாணிகளுக்கு இடையே 24 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, 1 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திருப்பினால், உள்சக்கரம் ஏறத்தாழ 21 பாகையும் வெளிச்சக்கரம் 17 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் திரும்ப வேண்டும். நான்கு பாகை வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவுதான்.

இத்தரப்பின் நடைமுறைப் பங்களிப்பு வேறிடத்தில் இருக்கிறது. இடது, வலது டை ராடுகள் ஒரே நீளமாக இல்லாவிட்டால் ஸ்டீயரிங் நேராக இருந்தும் ஒரு சக்கரம் வெளியே பார்க்கும். இருபுறமும் எதிரெதிர் மரையுள்ள டை ராட் என்றால் கழற்றாமலே முறுக்கி நீளத்தைத் திருத்தலாம். அடுத்தது, சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது டை ராடும் சக்கரத்தைத் தாங்கும் கையும் வெவ்வேறு வட்டத்தில் அசைந்தால், யாரும் திருப்பாமலே சக்கரம் திரும்பும். கிளாட் பஸ்டர் இதற்குப் பேர்பெற்ற உதாரணம். நான்கு சக்கரமும் திரும்பும் அந்த வண்டியில் சர்வோ நடுச்சட்டத்தில் இருந்து நீண்ட கம்பிகளால் அச்சுகளை இயக்கியது. அச்சு மேடுபள்ளத்தில் சாய்ந்தபோதெல்லாம் ஸ்டீயரிங்கும் சேர்ந்து அசைந்தது. சர்வோவை அச்சின் மேலேயே பொருத்தும் மாற்றம் ஆர்வலர்களிடையே பரவியதற்கு இதுவே காரணம்.

வடிவியல் விளக்கத்துக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஆக்கர்மன் கணக்கு, டயர் பக்கவாட்டில் வழுக்காது என்று கொள்கிறது. புழுதியில் ஓடும் டிரக் ஏறக்குறைய எல்லா வளைவிலும் வழுக்குகிறது. அங்கே கோணத்தின் நுட்பம் பெரும்பாலும் கரைந்துபோகும். இரண்டாவது, ஆலையில் கோத்து வந்த வண்டியில் கோணங்கள் தாமாக மாறுவதில்லை. நேற்று சரியாக ஓடியது இன்று இழுத்தால், வளைந்த ஆணியையோ கழன்ற முனையையோ தேடுவது கணக்குப் போடுவதைவிடப் பயன்தரும்.

இரண்டாம் தரப்பு: மூட்டுகளில் ஆட்டம்

அந்தத் தேடலைத் தொடங்கியவர்கள் தேய்மானத் தரப்பினர். சர்வோவிலிருந்து டயர் வரை ஆறேழு மூட்டுகள் உள்ளன: சர்வோ கை, இணைப்புக் கம்பி, அசைவின் திசையை மாற்றும் பெல் கிராங்க், டை ராடின் இரு முனைகள், சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிள், சக்கர பேரிங். தொடக்கநிலை வண்டிகளில் இவற்றில் பல பிளாஸ்டிக்கால் ஆனவை. சிலவற்றில் பேரிங்குக்குப் பதில் வெறும் புஷ்தான். புழுதி உள்ளே போனால் துளைகள் முட்டைவடிவமாகத் தேயும்.

இதன் விளைவை எளிதில் குறைத்து மதிப்பிடுகிறோம். நக்கிளின் ஸ்டீயரிங் கை 20 மில்லிமீட்டர் நீளம், மூட்டுகளில் சேர்ந்த ஆட்டம் அரை மில்லிமீட்டர் என்று கொண்டால், சக்கரம் சுமார் 1.4 பாகை தன் போக்கில் அசையலாம். இரு முன்சக்கரங்களும் அந்தக் கோணத்திலேயே நின்றுவிட்டால், ஸ்லாஷ் அளவுள்ள வண்டி பத்து மீட்டர் ஓடுவதற்குள் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் விலகிவிடும். நடைமுறையில் சக்கரங்கள் அப்படி ஒரே பக்கம் நிலைத்து நிற்பதில்லை. அச்சாணியின் பின்சாய்வு அவற்றை நேருக்கு இழுக்கிறது. இருந்தாலும் ஒரு முறை இடது, மறுமுறை வலது என்று இழுக்கும் வண்டிக்கு இந்த விளக்கம் மற்றவற்றைவிட நன்றாகப் பொருந்துகிறது. கோணப் பிழை எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும். ஆட்டம் பக்கம் மாறி இழுக்கும்.

இத்தரப்பின் பலவீனம் அதன் வைத்தியத்தில் இருக்கிறது. ஆட்டத்தைப் போக்க எல்லாத் திருகையும் இறுக்கினால் மூட்டுகள் பிடித்துக்கொள்ளும். அப்போது வண்டி திரும்பும், ஆனால் நேருக்கு வராது. அலுமினியப் பாகம் மாட்டினால் ஆட்டம் குறையலாம். மோதும்போது அடியை வாங்கி வளைந்துகொடுத்த பிளாஸ்டிக்கும் போய்விடும், அடி அடுத்த பாகத்துக்கு நகரும். ஒவ்வொரு வண்டிக்கும் ஓரளவு ஆட்டம் வடிவமைப்பிலேயே விடப்பட்டிருக்கிறது. எவ்வளவு இயல்பு, எவ்வளவு பழுது என்பதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை.

மூன்றாம் தரப்பு: சர்வோவின் வலு

இன்று அதிகம் கேட்கும் அறிவுரை, சர்வோவை மாற்றுவது. அதற்கு நியாயம் இருக்கிறது. தொடக்கநிலை வண்டியின் விலையை அடக்க எளிதில் கைவைக்கக்கூடிய பாகம் சர்வோ. கூடவே, வாங்கியவர்கள் பெரிய டயர் மாட்டுகிறார்கள். சர்வோவின் வலு கிலோ-சென்டிமீட்டரில் சொல்லப்படுகிறது. 9 கிலோ-செ.மீ. சர்வோ, தண்டிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் கம்பியை அதிகபட்சம் நாலரைக் கிலோ எடைக்கு நிகரான விசையோடு தள்ளும். நின்ற இடத்தில், கரடுமுரடான சிமென்ட் தரையில், அகலமான டயரைத் திருப்ப இது போதாமல் போவதுண்டு. பாறை ஏறும் கிராலர் வண்டிகளில் இந்தப் பற்றாக்குறை தெளிவாகத் தெரியும். வலுவான சர்வோ என்ற கருத்து வேரூன்றியதில் அவற்றுக்குப் பங்குண்டு.

ஆனால் அட்டையில் அச்சிடும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வலு என்பது சர்வோ அசையாமல் திணறும்போது அளப்பது. வேகம் என்பது சுமையே இல்லாமல் சுழலும்போது அளப்பது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. பொதுவாக ஒரு நேர்மின் மோட்டார் அதிகத் திறனைத் தருவது, திணறல் வலுவில் பாதியும் சும்மா ஓடும் வேகத்தில் பாதியும் இருக்கும் இடத்தில். ஓடும் வண்டியில் சர்வோ வேலை செய்வது இந்த இரு முனைகளுக்கும் நடுவே எங்கோதான். அந்த நடுப்பகுதியைப் பற்றி அட்டை எதுவும் சொல்வதில்லை.

மாற்றும்போதே புதுக் கோளாறு உருவாவதும் உண்டு. சர்வோத் தண்டின் பற்களின் எண்ணிக்கை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: ஃபுடாபா வழியில் 25, ஹைடெக்கின் பழைய வழக்கில் 24, ஜேஆர், சான்வா வழியில் 23. பொருந்தாத கையை அழுத்தி மாட்டினால் பற்கள் மழுங்கி, சர்வோ சுழன்றும் சக்கரம் திரும்பாது. 25 பற்களில் ஒரு பல் தள்ளினால் 14.4 பாகை மாறுகிறது. அதாவது எவ்வளவு கவனமாக மாட்டினாலும் கை நடுவிலிருந்து அதிகபட்சம் 7.2 பாகை விலகி நிற்கலாம். மின்சாரம் கொடுத்துச் சர்வோவை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு கையை மாட்டி, மிச்ச விலகலை டிரான்ஸ்மிட்டரில் திருத்துவதே முறை. வரிசை மாறினால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும் வண்டி கிடைக்கும். 'ஒரு பக்கம் மட்டும் பாதிதான் திரும்புகிறது' என்ற புகாருக்குச் சர்வோவின் வலுவைவிட இதுவே பொருத்தமான விளக்கம்.

சர்வோ சேவர் பற்றிய சர்ச்சை

சர்வோவுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஸ்பிரிங் வைத்த ஒரு பாகம் உண்டு. அதன் பெயர் சர்வோ சேவர். சுவரில் சக்கரம் மோதும்போது அது விட்டுக்கொடுத்துப் பல்சக்கரங்களைக் காக்கும். சில வண்டிகளில் சர்வோத் தண்டிலேயே இருக்கும். வேறு சிலவற்றில் பெல் கிராங்கோடு சேர்ந்திருக்கும்.

ஸ்பிரிங் தளர்வாக இருந்தால், டயர் எதிர்க்கும்போது சர்வோ திரும்பியும் சக்கரம் திரும்பாது. வலு போதாத சர்வோவின் அறிகுறியும் இதேதான். கடினமான சேவர் மாட்டியதும் 'புதுச் சர்வோ போட்டது போல் இருக்கிறது' என்று சிலர் சொல்வது இதனால்தான். சேவரை முழுதாக நீக்கும் வழக்கம் கிராலர்களிலிருந்து வந்தது. மெதுவாக ஊரும் வண்டிக்கு அது தகும். வேகமாக ஓடித் தடுமாறி மோதும் தொடக்க ஓட்டுநரின் வண்டிக்கு அதே அறிவுரை சர்வோப் பற்களைப் பலி கேட்கலாம். உலோகப் பல் சர்வோ வந்தபின் சேவர் தேவையில்லை என்று வாதிடுவோர் உண்டு. பல் எளிதில் உடையாது என்பது உண்மைதான். அந்த அடி மறைந்துவிடுவதில்லை, நக்கிளுக்கோ சர்வோவின் கூட்டுக்கோ போகிறது.

நான்காம் தரப்பு: அலையும் மின்னழுத்தமும்

எலக்ட்ரானிக்ஸ் விளக்கம் இரண்டு தலைமுறை கண்டது. முதலாவது அலை பற்றியது. 27 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் 26.995 முதல் 27.255 வரை ஆறு வழக்கமான அலைவரிசைகள் இருந்தன. ஒரே மைதானத்தில் இருவர் ஒரே வரிசையில் ஓட்டினால் ஒருவர் வண்டி மற்றவர் சொல் கேட்கும். பிரஷ் மோட்டாரின் தீப்பொறியே ரிசீவருக்கு இரைச்சலாகும். அதை அடக்க மோட்டாரின் முனைகளில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் பற்றவைப்பது வழக்கம். ஆன்டெனாக் கம்பியை நீளம் கருதி வெட்டினால் எட்டும் தூரம் குறையும். நடுக்கத்துக்கு 'சிக்னல் சரியில்லை' என்பது அன்று பெரும்பாலும் சரியான பதிலாக இருந்திருக்கும்.

2000களின் நடுப்பகுதியிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் முறை பரவியது. டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு பிணைத்துக்கொள்வதால் பக்கத்து வண்டியின் குறுக்கீடு அரிதாயிற்று. நோய் குறைந்த பிறகும் பழைய மருந்துச் சீட்டு கைமாறிக்கொண்டே இருக்கிறது. இன்று நடுங்கும் சக்கரத்துக்கு அலையைவிட, தேய்ந்த பொட்டென்ஷியோமீட்டரோ ஈரம் புகுந்த இணைப்போ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்வோ தன் ஆயுளில் பெரும்பகுதியை நடுநிலையில் கழிப்பதால் அதன் தடமும் நடுவில்தான் முதலில் தேய்கிறது. நடுவில் நடுங்கி ஓரங்களில் அமைதியாகும் சர்வோ இதற்குச் சான்று.

இரண்டாம் தலைமுறை விளக்கம் மின்னழுத்தம் பற்றியது. வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் ஒரு சிறு சுற்று, பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தை 5 அல்லது 6 வோல்ட்டாகக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தருகிறது. தொடக்கநிலை வண்டிகளில் அந்தச் சுற்றின் கொள்ளளவு அந்த வண்டியோடு வந்த சர்வோவுக்கு அளந்ததாக இருக்கலாம். அதில் பெரிய சர்வோவை மாட்டினால், திணறும் நொடியில் அது இழுக்கும் மின்னோட்டம் அழுத்தத்தைச் சரித்துவிடும். ரிசீவர் ஒரு கணம் அணைந்து மறுபடி விழிக்கும். வேகமும் திருப்பமும் சேரும்போது மட்டும் வண்டி செத்துப் பிழைத்தால் இதைச் சந்தேகிக்கலாம். மூன்றாம் தரப்பின் மருந்தே நான்காம் தரப்பின் நோயாகும் இடம் இது.

இதே வகையில் இன்னொன்று, எல்லை அளவு. டிரான்ஸ்மிட்டர் அனுமதிக்கும் திருப்பம், சக்கரம் உண்மையில் திரும்பக்கூடிய அளவைத் தாண்டியிருந்தால், முழுசாகத் திருப்பியதும் சர்வோ முட்டிக்கொண்டு ரீங்கரிக்கும். அந்தச் சத்தம் தொடர்ந்தால் மோட்டார் சூடேறி மெல்லச் சாகும். டிரான்ஸ்மிட்டரில் இதற்கென்று எல்லைத் திருத்தம் இருந்தால், சக்கரம் நிற்குமிடத்துக்குச் சற்று முன்பே கட்டளையும் நிற்குமாறு அமைக்கலாம்.

ஐந்தாம் தரப்பு: தரை, டயர், கை

கடைசித் தரப்பு, வண்டியில் கோளாறே இல்லாமல் போகலாம் என்கிறது. பின்சக்கரம் மட்டும் இயங்கும் டிரக்கில் எடை பின்னால் குவிந்திருக்கும். முடுக்கினால் முன்பகுதி இலேசாகி வண்டி திரும்பாமல் நேரே தள்ளும். விட்டால் முன்சக்கரம் சட்டென்று பிடித்து வால் சுழலும். 1987-ல் வந்த டாமியாவின் லஞ்ச் பாக்ஸ் முன்சக்கரம் தூக்கி ஓடுவதற்கே பெயர் பெற்றது. தரையைத் தொடாத சக்கரத்தை எந்தச் சர்வோவும் பயன்படுத்த முடியாது. தார்ச்சாலையின் பக்கச் சரிவு, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த டயர், சுழல மறுக்கும் ஒரு பேரிங், இடத்துக்கும் வலத்துக்கும் வேறுபட்ட ஷாக் ஸ்பிரிங் அழுத்தம் ஆகியவையும் இழுக்கும் வண்டியை உருவாக்கும்.

ஓட்டுபவரின் பங்கும் சிறிதல்ல. வண்டி தன்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். மணிக்கு 48 கிலோமீட்டர் ஓடும் டிரக் விநாடிக்கு 13 மீட்டருக்கு மேல் கடக்கிறது. மனிதர் எதிர்வினைக்கு 0.2 விநாடி என்று கொண்டாலும் அதற்குள் ஏறத்தாழ 2.7 மீட்டர் போய்விடும். சர்வோ திரும்ப எடுக்கும் நேரம் அதன் மேல் சேரும். ஆகவே திருத்தம் எப்போதும் தாமதமாகவே வரும். தாமதமான திருத்தம் மிகையாகும். வண்டி பாம்பாக நெளியும்.

இதற்கு இரண்டு விடைகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, டிரான்ஸ்மிட்டரில் நடுப்பகுதியின் உணர்வைக் குறைப்பது அல்லது மொத்தத் திருப்பத்தைக் குறைப்பது. மற்றொன்று கைரோ. வண்டி சுழலும் வேகத்தை உணர்ந்து தானாகவே எதிர்ப்பக்கம் திருப்பும் இது, மாதிரி ஹெலிகாப்டர்களின் வாலைக் கட்டுப்படுத்தப் பயன்பட்டுப் பின் கார்களுக்கு வந்தது. டிராக்சஸின் டிஎஸ்எம், ஹொரைசன் ஹாபியின் ஏவிசி ஆகியவை இதன் விற்பனைப் பெயர்கள். ஆதரிப்போர் இது தொடக்கநிலை ஓட்டுநருக்கு நம்பிக்கை தருகிறது என்கிறார்கள். எதிர்ப்போர், விரல் கற்க வேண்டியதை இயந்திரம் செய்துவிடுகிறது, தேய்ந்த மூட்டின் அறிகுறியையும் மறைத்துவிடுகிறது என்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருப்பதாகவே தோன்றுகிறது. ஆட்டம் மிகுந்த வண்டியில் கைரோவின் அளவைக் கூட்டினால் முன்சக்கரம் அதிவேகமாக உதறத் தொடங்கும். அந்த அளவில் அது மறைப்பதோடு காட்டிக்கொடுக்கவும் செய்கிறது.

தரப்புகளைப் பிரித்தறிய ஒரு வரிசை

ஐந்து விளக்கங்களும் ஒரே பாதையின் வெவ்வேறு இடங்களைப் பேசுகின்றன. அறிகுறிகள் ஒன்றோடொன்று கலப்பதால், எந்த விளக்கம் சரி என்பதைவிட எதை முதலில் விலக்கலாம் என்பது பயனுள்ள கேள்வி. செலவில்லாத சோதனையிலிருந்து செலவுள்ளதை நோக்கிப் போகும் வரிசையை இவ்வாறு அமைக்கலாம்.

முதலில் தரை. ஒரே பாதையில் போகவும் வரவும் ஓட்ட வேண்டும். இரு முறையும் வண்டியின் அதே பக்கம் இழுத்தால் குறை வண்டியில். தரையின் அதே பக்கம் இழுத்தால் சரிவில் அல்லது காற்றில்.

இரண்டாவது டிரிம். டிரான்ஸ்மிட்டரில் ஸ்டீயரிங்கின் நடுவைத் திருத்தும் குமிழ் அது, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே தெரியாமல் நகர்ந்துவிடும். ஆனால் டிரிமால் மறைக்கப்பட்ட இயந்திரப் பிழை, பல டிரான்ஸ்மிட்டர்களில் ஒரு பக்கத்தின் திருப்பத்தைத் தின்றுவிடும். எனவே டிரிம் ஓரத்துக்குப் போக வேண்டியிருந்தால் அதை நடுவில் வைத்துவிட்டு அடுத்த படிக்குப் போவதே நல்லது.

மூன்றாவது, மின்சாரத்தை அணைத்து, சர்வோவின் இணைப்புக் கம்பியைக் கழற்றி, வண்டியைத் தூக்கிப் பிடித்து முன்சக்கரங்களைக் கையால் திருப்புவது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடையின்றித் திரும்ப வேண்டும். பிடித்தால் இறுக்கம், லொடலொடத்தால் ஆட்டம். டை ராடுகளின் நீளத்தை ஒப்பிட வேண்டிய இடமும் இதுவே.

நான்காவது, கம்பி கழன்ற நிலையிலேயே சர்வோவை இயக்குவது. மோட்டார் இணைப்பை முன்பே எடுத்துவிடுவது பாதுகாப்பு. சுமையில்லாமலே நடுங்கினால் சர்வோவோ சிக்னலோ. நடுவுக்கு ஒழுங்காக வந்தால் சர்வோ பெரும்பாலும் நலம். ரிசீவரின் வேறு வாய்க்கு மாற்றிப் பார்த்தால் இரண்டில் எது என்பதும் ஓரளவு தெரியும்.

ஐந்தாவது, எல்லாவற்றையும் பூட்டித் தரையில் வைத்துத் திருப்புவது. தூக்கினால் முழுசாகவும் தரையில் பாதியாகவும் திரும்பினால் சேவரா சர்வோவா என்று பார்க்க வேண்டும்: சர்வோ கை முழுசாக அசைந்தும் சக்கரம் அசையாவிட்டால் சேவர், கையே அசையாவிட்டால் வலு அல்லது மின்னழுத்தம். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரியோடு மறுபடி பார்த்தால் கடைசி இரண்டும் ஓரளவு பிரியும்.

சர்வோ வாங்கும் முடிவு இந்த வரிசையில் ஐந்தாம் படியில்தான் வருகிறது. நடைமுறையில் பலர் அங்கிருந்தே தொடங்குகிறார்கள்.

தீராதவை

இவ்வளவுக்குப் பிறகும் சில கேள்விகள் திறந்தே உள்ளன. ஒரு வண்டிக்கு எவ்வளவு வலு போதும் என்பதற்கு, டயர் அளவு, எடை, தரை மூன்றையும் சேர்த்துச் சொல்லும் நம்பகமான சூத்திரம் புழக்கத்தில் இல்லை. கிலோ-சென்டிமீட்டர் எண் பெருகப் பெருக நல்லது என்ற அனுமானமே அந்த இடத்தை நிரப்புகிறது. சேவர் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதும் அனுபவத்தால் தீர்மானிக்கப்படுவதே தவிர அளவால் அல்ல. கைரோ தொடக்க ஓட்டுநரின் திறமையை வளர்க்கிறதா, தள்ளிப்போடுகிறதா என்பதில் இரு தரப்பும் சொல்வது அபிப்பிராயம்தான்.

உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு, ஆனால் பயனற்றதல்ல. வடிவியல் தரப்பு மாறாத பிழையை நன்றாக விளக்குகிறது. தேய்மானத் தரப்பு பக்கம் மாறும் பிழையை. வலுத் தரப்பு சுமையில் தோன்றும் பிழையை. மின்சாரத் தரப்பு விட்டுவிட்டு வரும் பிழையை. கடைசித் தரப்பு தரைக்கும் வேகத்துக்கும் தக்கபடி மாறும் பிழையை. ஒரு தரப்பு தவறுவது பெரும்பாலும் தன் எல்லைக்கு வெளியே பேசும்போது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைத் தரப்பைப் பின்னுக்குத் தள்ளியது போல, மலிவான உலோகப் பல் சர்வோக்களும் கைரோக்களும் இன்றைய சில விளக்கங்களைப் பழையதாக்கக்கூடும். மூட்டுகளின் ஆட்டமும் டயரின் பிடிப்பும் அவ்வளவு எளிதில் காலாவதியாகும் என்று எண்ண இப்போதைக்குக் காரணமில்லை.